கச்சான் காலத்தில் வாங்கிய வைஸ்

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் ஓரிடத்தில் நிற்காது. மேற்கே வயல்களைத் தாண்டி வரும் அந்த வறண்ட காற்று வாவித் தண்ணீரைச் சுருட்டி அடிக்கும். கதவுகள் தம் பாட்டில் சாத்திக்கொள்ளும். உலகச் சண்டை முடிந்து பட்டாளக்காரர் முகாம்களைக் காலி செய்துகொண்டிருந்த வருடத்துக் கச்சானில், என் கணவர் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வைஸ்களில் எதை வாங்குவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார்.

அவருக்குத் தந்திக் கந்தோரில் வேலை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். கல்லடியில் வாவியைப் பார்த்த வீடு. பின்புறம் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த சாய்ப்பில் ஒரு சிறிய மில்லிங் மெசின் நின்றது. தென்னந்தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தையல் மெசினைப் போலக் காலால் மிதித்தால் மேலே பல் வைத்த கட்டர் சுற்றும். அதற்குக் கீழே உள்ள இரும்பு மேசையைக் கைப்பிடியால் நகர்த்தினால், மேசையில் இறுக்கிய துண்டைக் கட்டர் சீவிக்கொண்டு போகும். தோணிக்கு ஒரு சின்ன எஞ்சின் செய்து வாவியில் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

துண்டை மேசையில் பிடித்து வைக்கத்தான் வழியில்லை. இரும்புப் பட்டைகளும் திருகாணிச் சுரைகளும் போட்டு ஒருவாறு இறுக்கிவந்தார். ஒரு சனிக்கிழமை நான் மிதித்துக்கொண்டிருந்தபோது பித்தளைத் துண்டொன்று துள்ளி, என் காதோரமாகப் போய், கிடுகைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தது.

"இனி வைஸ் இல்லாம இதுல கை வைக்கிறல்ல" என்றார் அவர்.

காத்தான்குடியில் ஒரு வியாபாரி முகாம்களில் கழித்த இரும்புச் சாமான்களை மொத்தமாக எடுத்து வளவில் குவித்திருந்தார். எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்ற பொருளில். அந்தக் குவியலில் இரண்டு மில்லிங் வைஸ்கள் இருந்தன. ஒன்று பெரியது. அதன் அடியில் பாகைக் கோடுகள் வெட்டிய வட்டம். வேண்டிய கோணத்துக்குத் திருப்பி நிறுத்தலாம். எண்ணெய்ப் பசையோடு புதிது போல இருந்தது. மற்றது சின்னது, அடிப்பாகம் வெறும் சதுரம். துருப் பிடித்திருந்தது, கைப்பிடியும் இல்லை. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெரியதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அடுத்த நாள் மறுபடி போனார். சின்னதன் தாடைகள் கனமாக இருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் மறுபடி பெரியதன் பேச்சு. வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, என்ன எழுத வந்தேன் என்பதை மறந்தேன்.

"இஞ்சருங்க, ஏதாவது ஒண்ட எடுத்துக்கு வாங்க. எனக்குத் தலை சுத்துது" என்றேன்.

"எடுத்தா அதோடதானே கா சீவிக்கணும். பிழையானதை எடுத்தா என்ன செய்யிற?" என்றார். என்னை அவர் 'கா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கிழமையே அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்தைக் குடித்துவிட்டு இரண்டு போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தபோது, மறுநாள் காலையில் லொறி வருவதாகவும் மிச்ச இரும்பெல்லாம் கொழும்புக்குப் போய்விடும் என்றும் காக்கா ஆள் அனுப்பியிருந்தார். என் கணவர் எழும்பப் பார்த்தார். கால் தாங்கவில்லை.

"நான் போறன்" என்றேன்.

அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார். "பெரிய வைஸை எடு. வட்டம் இறுக்கமா இருக்கா எண்டு பாரு. தாடைக்குள்ள கடுதாசி வைச்சு இறுக்கி, ரெண்டு கரையிலயும் இழுத்துப் பாரு. ஒரு பக்கம் கழண்டு வந்தா வாங்காத."

புறப்படுமுன் சாய்ப்புக்குள் போனேன். மேசையை அடிமட்டம் வரை இறக்கினேன். மேசைக்கும் கட்டருக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று பார்க்க ஒரு ஈர்க்கை நிமிர்த்தி வைத்து, சரியாக அந்த உயரத்துக்கு ஒடித்தேன். அப்படிச் செய்யும்படி அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

காக்காவின் வளவில் மணல் கண்ணுக்குள் அடித்தது. "வாங்க டீச்சர். அவரு வரல்லயா?" என்று கேட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்து இருக்கத் தந்தார். காய்ச்சல் என்றதும், "அப்ப நீங்களே பாத்து எடுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன். மறுகா என்னத்தான் ஏசுவார்" என்றார்.

இரண்டிலும் கடுதாசித் துண்டுகளை வைத்து இறுக்கிப் பார்த்தேன். இரண்டும் விடாமல் பிடித்தன. பெரியது கையில் வழுவழுவென்று திரும்பியது; அதை விட்டு வர எனக்கே மனம் வரவில்லை. பிறகு ஈர்க்கை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். வட்டமும் உடம்பும் சேர்ந்து ஈர்க்கின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. தாடைக்கு மேலே என் ஒரு விரல் படுக்குமளவுதான் மிஞ்சியது. அதற்குள் துண்டை எங்கே வைப்பது, கட்டர் எங்கே சுற்றுவது? சின்னதன் பக்கத்தில் நிறுத்தினேன். தாராளமாக இடம் இருந்தது.

திரும்பவும் பெரியதிடம் போனேன். திரும்பவும் சின்னதிடம் வந்தேன். அவர் ஏன் அத்தனை நாள் அலைந்தார் என்பது அப்போது விளங்கியது.

"சின்னதை ஏத்துங்க காக்கா" என்றேன்.

மாட்டு வண்டியில் வரும் வழியெல்லாம் அதைச் சாக்கால் மூடி, கையை மேலே வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அவர் போர்வையோடு வாசலில் நின்றார். சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"பெரிசு எங்க?"

ஈர்க்கைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொண்டு சாய்ப்புக்குள் போனார். மேசையில் நிறுத்திப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து, "அடிவட்டத்தைக் கழட்டலாம் கா. கழட்டிட்டு மேல்பகுதிய மட்டும் பூட்டியிருக்கலாம்" என்றார்.

கழற்ற முடியுமா என்று நான் காக்காவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அடுத்த நாள் விடிந்ததும் அவர் காய்ச்சலோடு காத்தான்குடிக்குப் போனார். லொறி போய்விட்டது. கழற்றலாமா முடியாதா என்று காக்காவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பின் பல மாதங்களுக்கு அந்த வட்டம் எங்கள் வீட்டில் ஓயவில்லை. சாப்பிடும்போது சட்டென்று, "வட்டத்தைப் பூட்டின சுரை நாலு இருந்ததா அதில?" என்பார். எனக்கு இரண்டு ஞாபகம் வரும், பிறகு நாலு. குளிக்கும்போது யோசிப்பேன். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

சின்ன வைஸ் என்னவோ மேசையில் நன்றாக உட்கார்ந்தது. துருவை மண்ணெண்ணெயும் உமியும் போட்டுத் தேய்த்து எடுத்தார். கைப்பிடி செய்தார். அசையாத தாடையின் மேல் ஒரு ஊசியை ஓடவிட்டு, மேசை போகும் போக்குக்கு நேராக வரும்வரை தட்டித் தட்டி நிறுத்தினார். முதல் துண்டை நான் மிதிக்க அவர் சீவினார். பித்தளை ஒரே சீராக உதிர்ந்தது. இறுக்கிய துண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பிடிக்குது" என்றார். அவ்வளவுதான். சரியானதை எடுத்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கோணமாகச் சீவ வேண்டி வந்தபோதெல்லாம் மரத்தில் ஆப்பு செதுக்கித் தாடைக்கும் துண்டுக்கும் இடையில் கொடுத்தார். செதுக்கும்போது என் பக்கம் பார்க்கமாட்டார்.

பள்ளிக்கூட விடுமுறையில், அவர் கந்தோருக்குப் போன ஒரு நாளில் பக்கத்து வீட்டுக்காரி தையல் மெசினின் உடைந்த பாகமொன்றைக் கொண்டுவந்து, அவரிடம் கொடுத்துச் செய்வித்துத் தரும்படி கேட்டாள். வாங்கி வைத்தேன். காற்று கிடுகைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சாய்ப்புக்குள் போய் ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, நானே மிதித்து நானே கைப்பிடியைச் சுற்றினேன். முதல் துண்டு பாழாயிற்று. இரண்டாவதும். மூன்றாவதைச் சீவிக்கொண்டிருக்கையில் அவர் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"கட்டர் சூடாகுது. மெல்லச் சுத்து" என்றார்.

மெல்லச் சுற்றினேன். அவர் தன் எஞ்சினுக்குரிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மெசினுக்காகக் காத்து நின்றார். வெளியே போனார், உள்ளே வந்தார், கிணற்றடிவரை போய்த் திரும்பினார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல" என்றேன். "இன்னும் ஒரு பக்கம் கிடக்கு."