எழுதிப்போட்டு நிக்கிற லெஸ்லி

“எழுதிப்போட்டீரோ?”

எதிரே இருப்பவர் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைப்பதற்குள் லெஸ்லி கேட்டுவிடுகிறார். திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரேயுள்ள கடையில் இன்று அவரிடம் அகப்பட்டவர், ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிரேன் சாரதி. அவர் நெளிகிறார். “உதெல்லாம் பிறகு பாப்பம், லெஸ்லி.”

“பிறகெண்டால் ஆர் வந்து எழுதிறது? உம்மட பேயோ?”

கடையே சிரிக்கிறது. லெஸ்லி சிரிக்காமல் தன் நெஞ்சில் தட்டிக் காட்டுகிறார். “நான் எழுதினனான். பாரும், நிக்கிறன்.”

அவர் எழுதச் சொல்வது மரணசாசனம், தனக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று சொல்லும் கடதாசி. ஒரு வருடத்துக்கு முன்பு அந்தச் சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிற மனிதர் அவர்.

கப்பல்களை உள்ளே இழுத்துவரும் படகில் எஞ்சின் பார்ப்பது லெஸ்லியின் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே எது தேய்கிறது என்று கேட்பார். பாலையூற்றில் உள்ள வீட்டில் பிரிட்ஜுக்கும் அதே வைத்தியம். ஒருமுறை மனைவி மரியம்மா முழங்கால் நோகுது என்றபோது, ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றவர். அவள் கையில் துடைப்பத்தைக் கண்டபின்தான் திரும்பிப் போனார். மூக்குக்கண்ணாடி, டோர்ச், குடை எல்லாம் அவரிடம் இரண்டிரண்டு. ஒன்று போனால் மற்றது.

தன் சாவைப் பற்றிய கதை வந்தால் மட்டும் முற்றத்தில் இறங்கிப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் விடுவார்.

“அப்பு கையெழுத்து வைச்சவர். அடுத்த கிழமை வீட்டுக்குப் பெட்டி வந்தது” என்பார், தகப்பனை நினைத்து.

“அப்புவுக்கு வருத்தம் முத்தினதாலதான் எழுதினவர். எழுதினதால வருத்தம் வரேல்லை” என்பாள் மரியம்மா.

“உதை எழுதித்தாற நொத்தாரிசுமார் காணியில பாதியைக் கேப்பினம்.”

“ஆர் சொன்னது?”

“கேள்விப்பட்டனான்.” வாளி நிரம்பி வழியும். “நான் போனால் எல்லாம் உமக்குத்தானே. பிள்ளையளும் இல்லை. பிறகேன் கடதாசி?”

அவரோடு அதே படகில் இருந்த றெக்சனும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிள்ளைகள் இல்லை. வேலையில் நிற்கும்போதே நெஞ்சு நோவென்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. சில மாதம் கழித்து, றெக்சனின் மனைவி பிலோமினா தண்ணீர் மோட்டர் இழுக்கவில்லை என்று சொல்ல, லெஸ்லி பார்க்கப் போனார். நல்ல மழை. முன்னறையில் ஒரு வாளி, அறைக்குள்ளே ஒரு சட்டி, கட்டிலின் மேல் பொலித்தீன்.

“தங்கச்சி, கூரையை மாத்தலாமே?”

“எப்பிடி அண்ணை? அவர் ஒண்டும் எழுதி வைக்கேல்லை. வீட்டில அரைவாசிதான் என்ரயாம், மற்ற அரைவாசி அவற்ற சகோதரங்களுக்காம். ஒருத்தர் செய்யுங்கோ எண்டிறார், மற்றவர் பொறுங்கோ எண்டிறார், கனடாவில இருக்கிறவர் போனே எடுக்கிறேல்லை. பொல்லாத ஆக்கள் இல்லை அண்ணை. கதைச்சு முடியேல்லை, அவ்வளவுதான்.”

லெஸ்லி மோட்டரைத் திருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். தன் வீடு கலியாணத்துக்கு முன் தன் பெயரில் கட்டியது. தனக்கும் மூன்று தம்பிமார். “இஞ்சாரும்” என்றார் கடைசியில், “நீர் சொன்ன அந்த நொத்தாரிசுப் பிள்ளை எங்க இருக்கிறா?”

மரியம்மா, அவர் மனம் மாறுவதற்குள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

நொத்தாரிசு ஹுஸ்னியாவின் கந்தோர் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே. “வாங்க, இரிங்க” என்று அவர் காற்றாடியைத் திருப்பிவிட, லெஸ்லி உட்கார முதலே கூலியைக் கேட்டார். ஹுஸ்னியா சொன்னார். மூன்று காஸ் சிலிண்டர் வாங்குகிற காசு.

“ஒராளுக்கோ?”

“ரெண்டு பேருக்கும்தான், அண்ணன்.”

இவ்வளவுக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இருவரும் தனித்தனியே எழுதுவது. ஒருவர் போனால் எல்லாம் மற்றவருக்கு. இருவருக்கும் பிறகு, மரியம்மாவின் தங்கை மகள் தினுஷாவுக்கு. கேட்டுக்கொண்டிருந்த லெஸ்லி இடைமறித்தார்.

“எழுதினாப் பிறகு மாத்த ஏலாதோ?”

“உயிரோட இருக்கிற வரைக்கும் எத்தனை தரமும் மாத்தலாம். வீடு இப்பவும் உங்கடதான். விக்கிறதெண்டாலும் விக்கலாம்.”

“அப்ப, எழுதினதால இப்ப ஒண்டும் நடக்காது?”

ஹுஸ்னியாவுக்கு அந்தக் கேள்வி விளங்கியது. பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒண்டும் நடக்காது, அண்ணன்.”

சாட்சிக்கு, சொத்தில் பங்கில்லாத இருவர் வேண்டும். கூட வேலை செய்யும் ஒருவரும், இறங்குதுறைக் காவலாளி அபூதாஹிரும் வந்தார்கள். அபூதாஹிர் மகளின் கலியாணத்துக்குத் தைத்த சேர்ட்டோடு வந்திருந்தார். கையெழுத்து வைக்கும்போது லெஸ்லி பாதியில் பேனையைத் தூக்கி எல்லாரையும் பார்த்துவிட்டுத் தொடர, எழுத்து கோணியது. “பயப்படாத லெஸ்லி, நாங்க பாத்துக்கொண்டுதானே நிக்கிறம்” என்றார் அபூதாஹிர். அதைக் கேட்டு மரியம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அவளுடைய கையெழுத்தும் கோணிப்போனது.

அப்பு தாண்டாத அந்த அடுத்த கிழமை முழுவதும் லெஸ்லி படகு ஏணியில் இரண்டு கையாலும் பிடித்து இறங்கினார். முள் மீனைத் தொடவில்லை. கிழமை முடிந்த ஞாயிறு, பூசை மணி அடித்தும் எழும்பாமல் குறட்டை விட்டார். குறட்டையும் நின்றபோது மரியம்மா பதறிப்போய் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

“என்ன?” என்றார், கண் திறக்காமலே.

“ஒண்டுமில்லை. படுங்கோ.”

மத்தியானம் எழும்பி, முள் மீன் வாங்கிவரப் போனார். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேத்தண்ணிக்கடைப் பிரசாரம். இதுவரை நான்கைந்து பேரை மனைவிமாரோடு ஹுஸ்னியாவின் மாடிப்படி ஏற்றிவிட்டார்.

போன மாதம் ஒரு பின்னேரம் மரியம்மா மீனைக் கழுவியபடி, “குசினியில ஒரு யன்னல் இருந்தால் வெளிச்சமா இருக்கும்” என்றாள். கலியாணமாகி வந்தநாள் முதல் அந்த வீட்டில் எதையும் மாற்றக் கேட்டவளில்லை. லெஸ்லி ஒரு வெண்கட்டியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

“எங்க வேணுமெண்டு நீரே சுவரில கீறும்.”

அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கீறத் தொடங்கினாள். அவர் எதிர்பார்த்ததைவிட அகலமான யன்னல். மேல்கோட்டுக்குக் கை எட்டவில்லை. லெஸ்லி ஒரு கதிரையை இழுத்துவந்து போட்டு, அவள் ஏறியதும், அது அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.