குருசாமி அண்ணாச்சியின் இரண்டு வாசல்

சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வரிசையில் மனுவைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். குருசாமி அண்ணாச்சியின் மனைவி ராசாத்தி மதினி போனில் வந்தார்.

"செல்வி, அவுக போயிட்டாக."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரவேண்டிய நேரத்தில் என் வாயில் வேறு கேள்வி வந்தது. "ஸ்பிரிங்கா மதினி?"

"இல்ல தாயி. டீயக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாக. கண்ண மூடினாப்புலதான் இருந்துச்சு. அப்பிடியே போயிட்டாக."

சாவுச் செய்தியைக் கேட்டு ஒரு கணம் நிம்மதி அடைந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் குருசாமி அண்ணாச்சியை அறிந்த யாருக்கும் இது புரியும். தாம் எதற்குப் பயந்தாரோ அது அவரைத் தொடவில்லை. அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் என் கார் உதிரிபாகக் கடைக்கு அடுத்த ஷெட் அவருடையது. காரை உயரம் குறைத்துத் தருவது அவர் வேலை. கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போடுவார். கூடவே, அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். அதன் தலையில் நாப் என்று ஒரு குமிழ் இருக்கும். திருகினால் வண்டி இறுக்கமாகவோ மெத்தென்றோ ஓடும். கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றால்தான் அழகு என்று நினைக்கும் இளவட்டங்கள் மதுரையிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். ஸ்பிரிங்கை விற்பது நான், மாட்டுவது அவர்.

அண்ணாச்சி பயந்த சுபாவம். இதை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒருவருக்கான அஞ்சலியாகிவிடும். கார் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு முதலில் அதை அமுக்க வேண்டும். கொக்கி நழுவினால் எதிரில் இருப்பவர் முகம் இருக்காது. அதனால் கொக்கியைக் கையில் எடுத்ததும் வண்டிக்காரர், நான், டீ கொண்டுவந்தவர் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். செருப்பைக் கழற்றிப் போடுவார். ஷெட்டின் முன்வாசலையும் பின்வாசலையும் அகலத் திறந்து வைப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்பேனர்கூடக் கிடக்கக் கூடாது. "வெடிக்கும்" என்ற சொல் அந்த ஷெட்டுக்குள் வரவே கூடாது. "ஸ்பிரிங் எந்திரிச்சிரும், தள்ளி நில்லுங்க" என்றுதான் சொல்வார்.

"என்ன அண்ணாச்சி, பிள்ள பெறுற ரூம் மாதிரி எல்லாரையும் வெரட்டுறீக?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். ஆனாலும் கொக்கியைத் தொட மாட்டார், நான் வெளியே போகிறவரைக்கும்.

ஒருநாள் மழைக்கு என் கடையில் ஒதுங்கியபோது அவராகவே சொன்னார். கல்யாணமான புதிதில் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தாராம். அங்கே செருப்புக் காலோடு உள்ளே போகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். ஒவ்வொரு ரூமுக்கும் எதிரெதிராக வாசல் உண்டு, ஏதாவது ஆனால் ஓடுவதற்கு.

"சீசன் நேரம் தாயி. எடமில்லன்னு ஒரு வாசல்ல அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக. நான் மத்த வாசல் பக்கம் உக்காந்திருந்தேன். அம்புட்டுத்தான்."

அதற்கு மேல் சொல்லவில்லை. பெட்டி அடுக்கிய வாசல் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நானும் கேட்கவில்லை. அதோடு பட்டாசு வேலையை விட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிட்டார். இங்கேயும் அவருக்கு வாய்த்தது ஸ்பிரிங்.

என் மகன் பிரபு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற வேலையில் சேர்ந்தான். பழைய கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய கையோடு, "மாமா, எனக்கும் வண்டிய எறக்கித் தாங்க" என்று அண்ணாச்சியிடம் போய் நின்றான். அவரும் ஆசையாகச் செய்தார். மருமகன் வண்டியாயிற்றே! நாலு பேரை ஏற்றி, ஷெட்டுக்கு வெளியே உள்ள வேகத்தடையில் ஏற்றி இறக்கி, அடியில் தட்டுகிறதா என்று படுத்துப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தார்.

அந்தத் தீபாவளி சீசனில் ஒருநாள் மதியம் பிரபு கம்பெனி கேட்டிலிருந்து போன் செய்தான். "வேன் வரலம்மா. அவசர ஆர்டர். பெட்டியெல்லாம் நானே டிக்கியில போட்டு லாரி செட்டுக்குக் கொண்டாந்திருதேன்." சொந்தக் காரில் பட்டாசு ஏற்றுவது தப்பு. ஆனால் சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அந்தத் தப்பைச் செய்யாத டிக்கியைத் தேடத்தான் வேண்டும். "நாபை நல்லா டைட்டா வச்சிட்டேன். எம்புட்டு லோடு வச்சாலும் வண்டி எறங்காது" என்றும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஏதோ பேச்சுவாக்கில் இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். டயரைப் பூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நாபைத் திருகினா ஆட்டந்தான் கொறையும் தாயி. உசரம் ஏறாது. பின்னால பாரம் வச்சா வண்டி உக்காந்துரும். ரோட்டு மேட்டுல அடி உரசும். உரசினா..."

அந்தச் சொல்லை அப்போதும் அவர் சொல்லவில்லை. டிக்கிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தகரம். அவர் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

பிரபுவுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அச்சங்குளத்துக்குப் பிறகு எந்தப் பட்டாசுக் கம்பெனி ரோட்டுக்கும் போக மாட்டேன் என்று இருந்த மனிதர். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் "டிக்கியில என்ன வரும்னு நான் கேக்கலையே, கேக்கலையே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். சத்தம் ஏதும் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் என்று. அன்று எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

ஆமத்தூரில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடை உயரமானது. அங்கே நிறுத்தினார். தூரத்தில் பிரபுவின் வண்டி வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் உட்கார்ந்து, தரையை மோந்துகொண்டு வருவதுபோல வந்தது. அண்ணாச்சி நடுரோட்டுக்குப் போய் வேகத்தடை மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தார். காலில் செருப்பில்லை. எங்கே கழற்றினார் என்று தெரியவில்லை.

வண்டி நின்றது. "என்ன மாமா, நடுரோட்டுல!" என்று பிரபு தலையை நீட்டினான்.

"எஞ்சின அமத்திட்டு எறங்கு மருமகனே. கதவ அடைக்காத. அது தெறந்தே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்கன பாரு தாயி." குனிந்து பார்த்தேன். சைலன்சர் குழாயில் பளபளவென்று புதுக் கீறல்.

"இது எங்கன தட்டுச்சு?"

பிரபுவின் குரல் இறங்கிவிட்டது. "கேட்டுக்கிட்ட ஒரு மேடு... லேசா 'கர்'னு சத்தம் வந்துச்சு மாமா. கல்லுன்னு நெனைச்சேன்."

நான் என் மகனை அடித்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்புறம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி எங்கள் இருவரையும் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார். வெறுங்காலோடு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய், ஆள் நடமாட்டமில்லாத ஒரு வேப்ப மரத்தடியில் வைத்தார். பிரபு போன் செய்து வரவழைத்த கம்பெனி வேன் அவற்றை ஏற்றிப் போகிறவரைக்கும் அவர் அங்கேயே காவல் நின்றார். வேன் போனதும் ரோட்டோரம் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

மறுநாள் அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினார். வழக்கம்போல எங்களை வெளியே அனுப்பினார். இரண்டு வாசலும் திறந்திருந்தன. கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. "பயமா இருக்கா அண்ணாச்சி?" என்று வெளியிலிருந்தே கேட்டேன்.

"பயமில்லாத நாளு எது தாயி? அது பாட்டுக்கு இருக்கும். நாம பாட்டுக்கு வேலையப் பாக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு, வண்டியை இறக்க யார் வந்தாலும் முதல் கேள்வி "டிக்கியில என்ன வரும்?" என்பதுதான். "மாமியார் வீட்டு முறுக்குதான் வரும்" என்றார் ஒரு மதுரைக்காரர். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எம்புட்டு முறுக்கு?" என்று கேட்டார்.

பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பயம் எனக்கு என்ன கொடுத்தது என்பது எனக்குத் தெரியும். பிரபுவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அவள் அண்ணாச்சியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவன் பட்டாசு வேலையில்தான் இன்னமும் இருக்கிறான். அவன் வீடு திரும்புகிறவரைக்கும் நானும் இன்னமும் வானத்தைப் பார்க்கிறேன்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். முன்னாலும் பின்னாலும் வாசல் உள்ள நீள வீடு. நடுவில் அண்ணாச்சியைக் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் நெரிந்தது. முன்வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பின்வாசலில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வழியை அடைத்திருந்தார்கள். மதினி என்னைப் பார்த்து அழுதார். நான் அழுதுகொண்டே அந்த நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பிரபு வந்தான். மாலையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தான். முன்வாசலில் கிடந்த செருப்புகளை இரண்டு கையாலும் அள்ளி ஓரமாக வைத்தான். பிறகு உள்ளே புகுந்து போய், பின்வாசலை அடைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொண்டுபோனான். "சாவு வீட்டுல என்னப்பா பண்ணுத?" என்று யாரோ கேட்டார்கள். அவன் கடைசி நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனான். வெயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீட்டுக்குள் வந்தது. அவன் திரும்பி வந்து மாலையை வாங்கிப் போட்டுவிட்டு, அண்ணாச்சியின் வெறுங்காலைத் தொட்டுக்கொண்டு சொன்னான்:

"ரெண்டு வாசலும் காலியா இருக்கு மாமா. பயப்படாமப் போங்க."