டவர் மேலிருந்து கேட்ட பாதுகாப்பு வகுப்பு

ஆள் இல்லாத செல்போன் டவர்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, சென்னை ஆபீஸில் உட்கார்ந்தபடி போனிலேயே பாதுகாப்பு வகுப்பு எடுப்பதுதான் என் பிழைப்பு.

இன்று காலை, மரக்காணம் உப்பளத்து ஓரம் புதிதாக நிற்கும் டவருக்குப் பெயின்ட் அடிக்க வந்த கான்ட்ராக்டர் ஏழுமலை அண்ணன் லைனில் இருந்தார்.

“முதல் விதி. வகுப்பு முடியுற வரைக்கும் டவர்ல யாரும் ஏறக் கூடாது.”

“கரெக்ட்டுங்க மேடம்.”

பின்னால் ஒரே இரைச்சல்.

“என்னண்ணா சத்தம்?”

“காத்துங்க. மேல கொஞ்சம் ஜாஸ்தியா அடிக்குது.”

“மேலயா?”

“இந்த டவருக்கு இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல இல்லிங்களா, கீழ சிக்னலே இல்ல. உங்க கிளாஸ் பாதியில கட் ஆவக் கூடாதேன்னு ஏறிட்டேன்.”

கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தேன்.

“பெல்ட் மாட்டியிருக்கீங்களா?”

“பெல்ட்டப் பத்தி நீங்க இனிமேதானே சொல்லணும்!”

“போனைப் பாக்கெட்ல போட்டுட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவா இறங்குங்கண்ணா.”

லைன் போனது. இறங்கினாரா என்று கேட்கவும் வழியில்லை. என் டீ ஆறி ஏடு படிந்தது.

ஒருவழியாக, உப்பளம் தாண்டி மெயின் ரோட்டு டீக்கடை போனிலிருந்து கூப்பிட்டார். “சத்தியமா தரையிலதான் நிக்கிறேன் மேடம். பயந்துட்டீங்களா?”

வகுப்பை முதலிலிருந்து எடுத்தேன்.

கடைசி விதி: ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன்னால், டவரடியில் நின்றே எனக்குப் போன் செய்ய வேண்டும்.

“எப்படிங்க மேடம்?” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அங்கே அவர் இரண்டாவது டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் யாராவது சீக்கிரம் பதில் போடுங்கள்.