கிபாயத்துல்லா எந்தப் பக்கம்

சோழவரம் கார்ப் பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. 1961-ஆம் வருஷத் தை மாதக் குளிரில் கொடைக்கானல் பஜாருக்கு ஒரே பேச்சுதான்: கிபாயத்துல்லா கட்சி மாறப் போகிறாராம்.

பெருமாள்மலை காபி எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரையிடம் எஸ்டேட் முதலாளி திருமலைச்சாமி ஒரு பந்தயக் காரை வாங்கினார். வத்தலக்குண்டு மலைப்பாதையில் தன் டிரைவர் வளைவுகளைத் திருப்புகிற அழகைப் பார்த்திருந்ததால் அவரையே அதில் உட்கார வைத்தார். இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பையோடு வந்தார் கிபாயத்துல்லா. இப்போது கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் சீமையிலிருந்து புதுக் கார் இறக்கியிருந்தார். அவருடைய மேனேஜர் மலையேறி வந்து, கிபாயத்துல்லாவின் அண்ணன் இப்ராம்சாவின் பழக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

அது போதாதா பஜாருக்கு?

"மில்லுல வீடே குடுக்குறாகளாம்."

"திருமலைச்சாமி சும்மா விடுவாராக்கும்?"

"ரெண்டு தடவ மதுரைக்குப் போய்ட்டு வந்துட்டான்யா. வேற என்ன சோலி அங்க? எல்லாம் பேசி முடிச்சாச்சு."

மதுரைக்குப் போனது உண்மை. போனது கண் டாக்டரிடம். போன கோடையில் ஒத்திகை ஓட்டத்தின்போது சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று இடது கண்ணில் பட்டது. வலி நாலு நாளில் போய்விட்டது. பிறகு அந்தக் கண்ணின் ஓரத்தில் பனி மாதிரி ஏதோ இறங்கியது; மாதம் போகப் போக உள்ளே உள்ளே வந்தது. இனிமேல் அது தெளியாது, வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிபாயத்துல்லா யாரிடமும் வாய் திறக்கவில்லை. பந்தயம் போனால் லாரியும் போகும். லாரி போனால் அவருக்குத் தெரிந்த வேறு வேலை கிடையாது. மில்லுக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்குக் கண்ணைப் பற்றி எப்படித் தெரியப்போகிறது? கொஞ்சம் கழுத்தைத் திருப்பி ஓட்டினால் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிவிடலாம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததை வீட்டாரிடம் அவர் பின்னால் ஒருபோதும் மறைக்கவில்லை.

அந்த வாரம் எஸ்டேட் பாதையில் ஒத்திகை நடந்தது. மெக்கானிக் சேனாதிபதி வளைவின் இடப்பக்கம் கொடியோடு நின்றார். வளைவில் கார் நேராக அவரை நோக்கியே வந்தது. சேனாதிபதி காபிச் செடிகளுக்குள் பாய்ந்து விழுந்தார். அவர் காலடியில் இருந்த தகரப் பெட்டி சக்கரத்தில் நசுங்கியது.

கார் நின்றபோது கிபாயத்துல்லாவுக்கு எதன்மேல் ஏறினோம் என்றே தெரியவில்லை. சேனாதிபதி முழங்கை ரத்தத்தைத் துடைத்தபடி வந்தார்.

"ஸ்டீயரிங் இழுக்குதா பாய்? போல்ட் எதுவும் விட்டிருக்கும். இருங்க, பாத்துருவோம்."

சொல்லிக்கொண்டே காருக்கு அடியில் படுத்துவிட்டார். அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. தன்னைக் கொல்லப் பார்த்த பழுதை அவர் இரும்பில் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கிபாயத்துல்லாவால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வண்டியில ஒண்ணுமில்லண்ணே. வெளிய வாங்க. நீங்க நின்னது எனக்குத் தெரியல."

எல்லாவற்றையும் சொன்னார். சேனாதிபதி வெளியே வந்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "மொதலாளிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நாந்தான்."

திருமலைச்சாமி நம்பவில்லை. பஜார்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. "போறதுன்னா நேரா சொல்லிட்டுப் போ. கண்ணு அது இதுன்னு கதை கட்டாத."

கூட வந்திருந்த சேனாதிபதி கட்டுப் போட்ட கையை நீட்டி, "நான் நின்ன எடத்த வந்து பாருங்கய்யா" என்றார்.

முதலாளியின் முகம் மாறியது. "அப்ப லாரி?" என்று மெதுவாகக் கேட்டார்.

கிபாயத்துல்லா லாரிச் சாவியையும் மேஜைமேல் வைத்தார்.

வீட்டில் மனைவி ரோஷன் பேகம் அழவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மதுரைக்கு என்னயும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லங்க," என்றாள்.

மில்லுக்கும் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, கிபாயத்துல்லா அண்ணன் கடையில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கமும் பேரம் பேசி இரண்டையும் கோட்டை விட்டான் என்று பஜார் தீர்ப்பு எழுதியது. இப்ராம்சாவுக்கு ஆத்திரம். "உண்மையச் சொல்லட்டுமா எல்லார்ட்டயும்?" என்றார்.

"யாரும் நம்ம கிட்ட வந்து கேக்கலயேண்ணே," என்றார் தம்பி.

திருமலைச்சாமி அந்த வருஷம் பந்தயத்துக்குப் போகவில்லை, காரையும் விற்றுவிட்டார். அடுத்த வருஷம் மில்லுக்காரர்கள் சேனாதிபதியைக் கூப்பிட்டார்கள். அவர் கடைக்கு வந்து, போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெரசாக் கெளம்புங்கண்ணே. புது வண்டி, உங்க கைக்கு நல்ல வேலை கெடைக்கும்."

பஸ் புறப்படுகிறவரை கிபாயத்துல்லா கூடவே நின்றார். ஜன்னல் வழியே ஒரு கூடை பழத்தை நீட்டினார்.

"ஓட்டுறவன் யாரா இருந்தாலும் மொதல்ல அவன் கண்ணப் பத்திக் கேளுங்க," என்றார்.

சேனாதிபதி கூடையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.