மூட்டையின் காது

திண்டுக்கல் புறவழிச்சாலையோரம் இருக்கும் பார்சல் ஆபீஸில் பிரிஸ்கில்லா பத்தொன்பது வருடமாகப் புக்கிங் பார்க்கிறாள். பில் எழுத வந்தவள். எந்தச் சரக்குக்கு எடை பார்த்து வாடகை போடுவது, எதற்கு லாரியில் அது அடைக்கும் இடத்தை அளந்து போடுவது என்பதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. மதியச் சாப்பாட்டை சீக்கிரம் முடித்துவிட்டு லாரிக்குள் ஏறி நின்று, சுமைக்காரர்கள் அடுக்குவதைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். பூட்டுகள் அடைத்த பெட்டி எவ்வளவு சின்னதானாலும் எடைக்கணக்கு. வேடசந்தூர் மில்லுக்குப் போகும், நூல் சுற்றாத வெறும் காகிதக் கோன்கள் இடக்கணக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சரக்குதான் வம்பு. அதற்கு டேப்பை எடுப்பாள். இரண்டு முறை அளக்காமல் எழுதமாட்டாள்.

போன மாதம் முதலாளி பிராங்க்ளின் ஒரு மெஷின் வாங்கி வைத்தார். மேடையில் மூட்டையை வைத்தால் போதும்; எடையும் அளவும் பார்த்து, எந்தக் கணக்கு என்று அதுவே சொல்லிவிடும். முதல் வாரமே சின்னாளப்பட்டி சேலை வியாபாரி மகேஸ்வரியின் ஆறு மூட்டைகளையும் அது இடக்கணக்கில் தள்ளியது.

“என்னக்கா, எப்பவும் எடைதான போடுவீக? இம்புட்டு வாடகைக்கு நான் வேற ஆபீஸுக்கே தூக்கிட்டுப் போறேன்,” என்றாள் மகேஸ்வரி.

“மெஷினு பொய் சொல்லாதும்மா,” என்ற பிராங்க்ளின், பிரிஸ்கில்லா பக்கம் திரும்பினார். “அப்ப இத்தன வருசமா நீதான் தப்பாப் போட்டுக்கிட்டு இருந்தியா?”

அவளுக்குச் சுருக்கென்றது. டேப்பை எடுத்தாள். மூட்டையின் நீளம் மூன்று அடி. திரையில் நான்கு. மறுபடி அளந்தாள், மூன்றுதான்.

மூட்டையைச் சுற்றி வந்தாள். பிடித்துத் தூக்குவதற்காக நான்கு மூலையிலும் சாக்கை முறுக்கிக் கட்டியிருந்த காதுகள் அரையடிக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

“நல்லுசாமிண்ணே, அடுக்குறப்ப இந்தக் காது எடம் புடிக்குமா?”

“அது மடங்கி ஒட்டிக்கிரும் தாயி,” என்று சிரித்தார் சுமைக்காரர் நல்லுசாமி. “பாவம், மெஷினு எந்தக் காலத்துல மூட்ட தூக்குச்சு?”

காதுகளை மடக்கி, சணலால் இழுத்துக் கட்டி, மூட்டையை மறுபடி மேடையேற்றச் சொன்னாள். மூன்று அடி. எடைக்கணக்கு. மற்ற ஐந்தும் அப்படியே வந்தன.

பிராங்க்ளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, இனிமே காதக் கட்டிட்டே மெஷின்ல வைக்கச் சொல்லு.”

“சொல்றேன் சார். நீங்க கேட்டதுக்குப் பதில்?”

“எதுக்கு?”

“இத்தன வருசமா தப்பாப் போட்டேனான்னு.”

சுமைக்காரர்கள் கைவேலையை நிறுத்தினார்கள்.

“இல்லம்மா. சரியாத்தான் போட்டிருக்க.”

“லாரிக்குள்ள கேக்கல முதலாளி,” என்றார் நல்லுசாமி.

பிராங்க்ளினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லாரிவரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். பிரிஸ்கில்லா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறு மூட்டைக்கும் எடைக்கணக்கில் பில் எழுதினாள்.