எல்லாக் கதவுக்கும் ஒரே தடிப்பு

முந்தல் ஊரில் நான் படம் கீறிய பட்டறையில் இறால் பண்ணைகளுக்கு மடைக் கதவு செய்தோம். கதவு இறங்கும் கொங்கிரீட் காடியை மேசன்மார் கட்டுவார்கள். ஒருவர் கட்டியது ஐம்பது மில்லிமீற்றர் அகலம் இருக்கும், அடுத்தவர் கட்டியது அறுபத்தைந்து. அதற்காகப் பண்ணைக்கு ஒரு படம் கீற எனக்கென்ன பைத்தியமா? கணினியில் ஒரே கதவை வரைந்து, அதற்கு ஓர் அட்டவணை போட்டேன். ஒரு பண்ணைக்கு ஒரு வரி. வரியை மாற்றினால் கதவும் அந்த அளவுக்கு மாறும்.

படத்தில் ஓர் அளவைத் தொட்டால் மென்பொருள் கேட்கும்: இந்த வரிக்கு மட்டுமா, எல்லா வரிக்குமா? சும்மா விட்டால் எல்லா வரிக்கும் என்று எடுத்துக்கொள்ளும். முதலாளிக்கு இதைப் பத்துத் தரமாவது காட்டியிருப்பேன். திரையில் எது வந்தாலும் வாசிக்காமல் ஓகே அமர்த்துகிற மனுசன் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், என் கதிரையில் இருந்து ஒரு பண்ணையின் கதவுத் தடிப்பைக் கூட்டினார். எல்லாப் பண்ணைக்கும் கூடிவிட்டது. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் வேறொரு பண்ணையின் வரியை எடுத்து, அளவைப் பார்க்காமலே வெட்டக் கொடுத்தேன். அது என் பிழை.

நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அந்தப் பண்ணைக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு குளம். அடுத்த கிழமை இறால் குஞ்சு வர இருந்தது. கதவைக் கொண்டுபோனோம். காடிக்குள் இறங்கவில்லை.

"காடிய வெட்டுவம். இது ஒரு பெரிய விசயமா?" என்று முதலாளி கிரைண்டரை எடுத்தார்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "தம்பி, படம் கீறினது நீங்கதானே. நீங்க சொல்லுங்க. வெட்டினா ஒழுகாதா?"

வெட்டிய கொங்கிரீட்டில் கதவோரத்து ரப்பர் ஒட்டி நிற்காது. அந்த இடைவெளியால் வெளியே களப்பு உப்புத் தண்ணீரில் இருக்கும் நண்டு நோயோடு உள்ளே வரும். எனக்குத் தெரியும். புதுக் கதவு செய்ய இரண்டு நாள் போதும். யாரையும் முகத்துக்கு நேரே ஏசுகிற நான், என் பிழை வெளியே வந்துவிடும் என்று பயந்து, "ஒழுகாது நானா" என்றேன்.

காடியை வெட்டிக் கதவை இறக்கினோம். குஞ்சு விட்டு ஐந்தாம் கிழமை இறால் செத்துக் கரை ஒதுங்கியது. ஓடெல்லாம் வெள்ளைப் புள்ளி, அந்த நோய்தான்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் வாற வருத்தம். கதவு என்ன செய்யும்?" என்றார் முதலாளி, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு. துப்ப வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தில் மட்டுமல்ல.

நான் பண்ணைக்குப் போனேன். றோட்டிலேயே நாற்றம் அடித்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்றார்.

"நானா, கதவு அளவு பிழை. வெட்டினா ஒழுகும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"முதலாளி அனுப்பினாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தன்."

"அப்ப எறங்குங்க. பொழுதுபட முந்திப் பொதைக்கணும்."

இறங்கினேன். பிடித்தால் இறால் கைக்குள் கூழாகியது. பின்னேரம் வரை அள்ளிக் கிடங்கில் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். அவர் வாளித் தண்ணீரில் கை கழுவினார். நானும் கையை நீட்டினேன். மிச்சத் தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.