ஏதண்டையை இடம் மாற்றிய படம்

ருவான்வெல்லைக் கடைத்தெரு முடிகிற இடத்தில், மிளகுக்கொடி படர்ந்த வேலிக்குப் பின்னால் ஹபீலாவின் வீடு. அவள் மருத்துவிச்சி. ஆனால் யாரும் அப்படி அழைப்பதில்லை. அக்கா என்று பொருள்படும் ‘ராத்தா’ என்றாலே போதும். கடைத்தெருவிலும் சரி, றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களிலும் சரி, யாரைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நாற்பத்திரண்டு வயதுக்குள் எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருப்பாள் என்று கேட்டால், “எண்ணினா கண்ணு பட்டுரும்” என்பாள்.

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழ்ந்து போகும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினால் புருஷன் காமில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். காமில் நல்ல மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன், முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய 1915ஆம் ஆண்டுக் கலகத்தில் அவருடைய துணிக்கடை எரிந்தது. அதற்குப் பிறகு பொலிஸ் என்றாலும் அரசாங்கக் கந்தோர் என்றாலும் அவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

1917ஆம் ஆண்டு ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த வாரம். கெக்குளாவத்தைத் தோட்டத்து மேட்டு லயத்தில் தங்கம்மா என்பவளுக்கு விடியற்காலையில் வலி கண்டது. ஹபீலா ஏதண்டையைக் கடந்து போய்ச் சேர்ந்தாள். ஓயா என்னும் சிற்றாற்றின் மேல் இரண்டு மரங்களைச் சேர்த்துப் போட்ட ஒற்றையடிப் பாலம் அது. போய்ப் பார்த்தால், பிள்ளை குறுக்கே கிடந்தது. கை முதலில் வந்திருந்தது. தன் கைக்கு அடங்காதது எது என்று ஹபீலாவுக்குத் தெரியும். தங்கம்மாவின் புருஷன் சடையனைக் கூப்பிட்டாள்.

“ஓடுங்க. ஓயாவுக்கு அங்கால டிஸ்பென்சர் ஐயாவ உடனே வரச் சொல்லுங்க. கை வந்திரிச்சுன்னு சொன்னா அவருக்கு வெளங்கும்.”

தோட்டத்து மருந்துச்சாலைக்குப் புதிதாக வந்திருந்த டிஸ்பென்சர் சிவக்கொழுந்து யாழ்ப்பாணத்துக்காரர். வந்து மூன்று வாரம்தான். சடையன் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டார். வழி காட்ட நின்ற சடையனை அவரே தடுத்தார். “நீர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடும். டொக்டரும் வேணும். எனக்கு வழி தெரியாட்டிலும் படம் இருக்கு” என்றார். கொழும்பில் வாங்கிய புத்தம்புது அரசாங்க வரைபடம் அது. ஓயாவும் பாலமும் லயமும் அதில் தெளிவாகக் குறித்திருந்தன.

மருந்துச்சாலையிலிருந்து மேட்டு லயத்துக்கு நடை அரை மணி நேரம். காலையில் புறப்பட்ட சிவக்கொழுந்து போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. இடுப்புவரை சேறு, முழங்காலில் இரத்தம். தங்கம்மா நடுப்பகலிலேயே போய்விட்டாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. பெரியாஸ்பத்திரி டொக்டரும் வந்திருக்கவில்லை.

லயத்துப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஹபீலா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மிக மெதுவாகக் கேட்டாள்.

“எங்க போனீங்க ஐயா?”

அவர் நனைந்த படத்தை அவள் முன்னால் விரித்தார். “பாலம் இஞ்சை எண்டு போட்டிருக்கு. போனன். அங்கை பாலமில்லை, வெள்ளம்தான் போகுது. பிறகு மேலை ஏறினன். படத்தில இல்லாத பாதை நாலு வந்தது. படத்தில இருக்கிற பாதை கற்பாறையில போய் முட்டுது.”

ஹபீலாவுக்கு எழுத்து வராது. ஆனால் ஓயாவின் வளைவு எது, லயம் எது என்று அவர் காட்டியதும் புரிந்துகொண்டாள். தான் காலையில் கால் வைத்த ஏதண்டை இருக்க வேண்டிய இடத்தில் தன் விரலை வைத்தாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது. பாலத்தின் குறி ஒரு மைல் கீழே தள்ளிக் கிடந்தது. ஏதண்டைக்குத் திரும்ப வேண்டிய பாதை, பக்கத்துச் சுரங்கத்துக்குப் பென்சில் காரீயம் ஏற்ற மாட்டுவண்டிகள் போகும் அந்த அகலமான பாதை, படத்திலேயே இல்லை.

“படம் கீறினவன் பிழை விட்டிட்டான். நான் எழுதிப் போடுறன்” என்றார் சிவக்கொழுந்து.

எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரே ஹபீலாவின் வீட்டுக்கு வந்து, நின்றபடியே தமிழில் சொன்னார். அந்த வரைபடத் தாள் மேலிடத்து உத்தரவின்படியே அச்சாகியிருக்கிறது. யுத்த காலத்தில் பொதுமக்களுக்கு விற்கும் படங்களில் சில இடங்களை உள்ளபடி காட்டுவதில்லை. இதுபற்றி மேற்கொண்டு எழுதவோ பேசவோ வேண்டாம்.

“அப்ப இது பிழை இல்லையா?” என்று ஹபீலா கேட்டாள்.

“இல்லை ராத்தா.”

“தெரிஞ்சு செஞ்சதா?”

“ஓம்.”

காமில் எழுந்து வாசலுக்குப் போனார்.

மறுநாளே ஹபீலா மாட்டுக் கரத்தை பிடித்துக் கேகாலைக்குப் போனாள். கந்தோரில் காலையிலிருந்து காத்திருந்து, கடைசியில் ஒரு தலைமைக் கிளாக்கரின் மேசை முன்னால் நின்றாள். அவரும் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், தன்மையாகத்தான் பேசினார்.

“இது ராச்சிய விஷயம் அம்மா. காரீயம் இல்லாட்டி மூசைச் சட்டி இல்லை. மூசை இல்லாட்டி பீரங்கிக்கு உலோகம் உருக்கேலாது. சுரங்கம் எங்கை, பாதை எங்கை எண்டு எதிரிக்குத் தெரியலாமோ?”

“எந்த எதிரி?”

“ஜேர்மன்காரன். எம்டன் கப்பல் வந்தது மறந்து போச்சோ?”

“கேகாலைக்குக் கப்பல் வராதே ஐயா.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். தலைமைக் கிளாக்கர் சிரிக்கவில்லை. “சரியான படமும் இருக்கு. பூட்டி வைச்சிருக்கு. வேண்டிய ஆக்களுக்குக் குடுப்பம்.”

“புள்ள பெறப்போறவளுக்கு வேணும். தருவீங்களா?”

அவர் அடுத்த கோப்பை இழுத்தார். ஹபீலாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. “அந்தச் சுரங்கத்துக்குக் காலையும் மாலையும் வண்டி போகுது. தெருவுல வெளையாடுற புள்ளையக் கேட்டாலும் பாதை காட்டும். ஜேர்மன்காரன் வந்தா நின்டு கேட்டுப் போயிருவான். கேட்க நேரமில்லாம ஓடி வந்தவருக்குத்தான் வழி தப்பிச்சு. நீங்க எதிரிக்கு ஒளிக்கல்ல, எங்களுக்கு ஒளிச்சீங்க. எதிரி வரல்ல. டிஸ்பென்சர் ஐயாவும் வரல்ல.”

திரும்பி வரும் வழியில் அவள் சுண்ணாம்பு வாங்கினாள்.

அடுத்த நாள் பட்டப்பகலில், மழை விட்டிருந்த நேரம் பார்த்து, ஹபீலா மருந்துச்சாலைப் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பழைய தகரத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, கையை முக்கி, பாதை பிரிகிற இடத்துக் கல்லிலும் றப்பர் மரத்திலும் ஐந்து விரலும் பதிய அழுத்தினாள். ஏதண்டையின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கை. மேட்டு லயத்துச் சுவரில் கடைசிக் கை. வழியில் ஊர் அதிகாரியான ஆரச்சி அவளைக் கண்டு பதறிப்போனார். அவருடைய மகளின் மூன்று பிள்ளைகளும் ஹபீலாவின் கையில்தான் பிறந்தவை. “எப்பா ராத்தா, எப்பா!” என்று வேண்டாம் வேண்டாமென்று கையாட்டினார். ஹபீலா சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: மகளுக்கு மறுபடி வலி வந்தால் எந்த வழியாக ஆளனுப்புவீர்கள், படத்திலுள்ள வழியாகவா?

ஆரச்சி தன் வழியே போனார். ஆனால் எழுதவேண்டியதை மேலிடத்துக்கு எழுதத்தான் செய்தார். சுரங்கப் பாதையை அடையாளப்படுத்தி யுத்தகாலக் கட்டளையை மீறினாள் என்று ஹபீலாவுக்கு அழைப்பாணை வந்தது.

வழக்கு நாளில் நீதிமன்றம் நிரம்பியிருந்தது. நீதவான் வெள்ளைக்காரர். அவருக்கும் ஹபீலாவுக்கும் நடுவில் நின்று, தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்ல, முதலியார் பட்டம் பெற்ற ஓர் அதிகாரி. ஏன் செய்தாய் என்று கேட்டபோது ஹபீலா எல்லாவற்றையும் சொன்னாள். தங்கம்மாவின் கையைத் தான் பிடித்திருந்ததை, அந்தக் கை குளிர்ந்துபோனதை, டிஸ்பென்சர் எந்த இடத்தில் அலைந்தார் என்பதை. கடைசியாகச் சொன்னாள்: “அந்தப் படம் பொய். அரசாங்கம் தெரிஞ்சுகொண்டு பொய் எழுதி எங்களுக்கு வித்திச்சு. நான் எழுதினது மெய். மெய்யைத்தான் கையால எழுதினேன்.”

முதலியார் நீதவானைப் பார்த்து ஒரே வரியில் ஏதோ சொல்லி நிறுத்தினார்.

ஹபீலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நான் சொன்னது நீளம். நீங்க சொன்னது கட்டையாயிருக்கே?”

அப்போது சாட்சிகளின் வாங்கிலிருந்து சிவக்கொழுந்து எழுந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. இங்கிலீஷில் பேசினார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னார்: “படத்தில் பிழை எண்டு அவ சொன்னதாக முதலியார் சொல்லுறார். அவ பிழையெண்டு சொல்லேல்லை, பொய்யெண்டு சொன்னவ. எனக்கு வந்த கடிதமும் அதைத்தான் சொல்லுது. இந்தா, கடிதம்.”

நீதவானின் பேனா நின்றது. அவர் கடிதத்தை வாசித்தார், திரும்பவும் வாசித்தார். பிறகு, ஊருக்கெல்லாம் தெரிந்த பாலத்தை மறைப்பதில் என்ன பயன் என்று தனக்கும் விளங்கவில்லை என்றார். ஆனாலும் கட்டளை கட்டளைதான் என்றார். இனி அடையாளம் வைப்பதில்லை என்று கைநாட்டு வைத்தால் ஹபீலா வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் ஏழு நாள் சிறை.

காமில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “வெச்சிரு ஹபீலா. ஒரு வெரல்தானே.”

மைத்தட்டை அவள் முன்னால் வைத்தார்கள். ஹபீலா புருஷனைப் பார்த்தாள். “இஞ்ச பாருங்க. நான் வெரல் வெச்சா, நாளைக்கு ஒரு மழை, கல்லுலயும் மரத்துலயும் இரிக்கிற கையெல்லாம் கழுவிட்டுப் போயிரும். திருப்பி வெக்க என்னால ஏலாமப் போயிரும். அப்ப யாரு போறது அந்தப் பொம்புளைங்ககிட்ட? என்ன சொல்றது?”

காமில் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கடை எரிந்த அன்று, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்ற அதே மனிதர். பிறகு மைத்தட்டை எடுத்து முதலியாரின் மேசைக்கே தள்ளிவைத்தார். “அவ வெக்க மாட்டா சேர்” என்றார்.

ஏழு நாளும் அவள் சிறையில் இருந்தாள். அழவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இரண்டாம் நாள், லயத்தில் யாருக்காவது வலி கண்டிருக்குமோ என்று நினைத்து அழுதாள். எட்டாம் நாள் காமில் குடை பிடித்து அழைத்துவந்தார். கடைத்தெருவுக்குப் போகும் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். மதகுக் கல்லில் ஒரு வெள்ளைக் கை. அவளுடையதல்ல, விரல்கள் குட்டை. அதற்கப்பால் இன்னொன்று, பெரிய ஆண் கை. சடையன் தொடங்கி வைத்திருந்தான். பிறகு லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கீழ்க் கணக்கு, புதுக் கணக்கு என்ற தோட்டப் பிரிவுகள் முழுவதும், ஓயாவுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமம் வரைக்கும் கைகள். ஆரச்சியின் வேலிக்கல்லில்கூட ஒன்று. அதை யார் வைத்தார்கள் என்று ஆரச்சி விசாரிக்கவில்லை.

பொலிஸ்காரர் இருவர் வாளியும் துடைப்பமுமாக வந்து பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார்கள். மறுநாள் காலையில் தேய்த்த இடமெல்லாம் புதுச் சுண்ணாம்பு. எந்தக் கை யாருடையது என்று கண்டுபிடித்து எத்தனை பேரைக் குற்றவாளிக் கூட்டிலேற்றுவது? அதோடு விட்டுவிட்டார்கள்.

சிவக்கொழுந்துக்கு வேலை போயிற்று. போகுமுன் ஹபீலாவின் வீட்டுக்கு வந்தார். தன்னால்தான் அவருக்கு இந்தக் கதி என்று அவள் சொல்லவந்தபோது, “அந்த வாங்கில பேசாமல் இருந்திருந்தால் நான் எந்த ஊரிலை இருந்தும் நித்திரை கொள்ளேலாது” என்றார். எஹலியகொடைப் பக்கத்தில் சொந்தமாக மருந்துக்கடை வைத்தார் என்று பின்னர் கேள்வி.

யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் படம் பல வருஷம் அப்படியேதான் விற்றது. மாற்றவேண்டிய அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. லயத்துக்காரர்களுக்கும் அது தேவைப்படவில்லை. மழைக்காலம் முடிந்தால் சுண்ணாம்பு கரைப்பது தோட்டத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது.

ஹபீலா சிறையிலிருந்து வந்த பத்தாம் நாள், அதே மேட்டு லயத்தில் இன்னொருத்திக்குக் கால் முதலில் வந்தது. ஆள் போயிற்று. புதிய டிஸ்பென்சர், ஊருக்கு வந்து நான்கு நாளே ஆன ஐரோப்பிய வம்சத்துப் பறங்கிக்காரர் ஒருவர், தனியாக, கையில் எந்தத் தாளுமில்லாமல், இருபத்தைந்து நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றார். சப்பாத்துக் காலோடு உள்ளே நுழையப் போனார்.

“சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க ஐயா” என்றாள் ஹபீலா. “கையக் கழுவுங்க. சுடுதண்ணி அங்க இரிக்குது.”